வெறும் கெமிக்கல்

காதல் முறிந்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல முன்பு நம்மிடம் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ‘எல்லாம் விதி’ என்பது ஒன்று. ‘நல்லவேளை, தப்பிச்சே’ என்பது இன்னொன்று. இப்போது மூன்றாவதும் வந்துவிட்டது. ‘எல்லாம் வெறும் கெமிக்கல்தான் லா. கொஞ்ச நாள்ல இறங்கிடும்.’ வாட்சாப்பில் சுற்றும் இரண்டு நிமிடக் காணொளிகளின் உபயம். இந்த வாக்கியத்தில் என்னை உறுத்துவது ‘கெமிக்கல்’ இல்லை. அதற்கு முன்னால் நிற்கும் ‘வெறும்’.

2005இல் ஹெலன் ஃபிஷர், ஆர்தர் ஏரன், லூசி பிரவுன் ஆகியோர் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தீவிரமாகக் காதலித்துக்கொண்டிருந்த 17 பேரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, காதலிப்பவரின் படத்தையும் பழகிய வேறொருவரின் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய எண்ணைக் கொடுத்து, அதிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். முதல் படம் கிளப்பிவிட்ட உணர்வு அடுத்த படத்திலும் ஒட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக இந்தக் கணக்கு. காதலைச் சற்று நேரம் துடைத்துவைக்க விஞ்ஞானிகளுக்கே கழித்தல் கணக்கு தேவைப்பட்டிருக்கிறது.

காதலிப்பவரின் முகம் தெரிந்தபோது நடுமூளையில் உள்ள வென்ட்ரல் டெக்மென்டல் என்ற சிறு பகுதி சுறுசுறுப்பானது. டோப்பமைனைத் தயாரித்து மூளையின் பல இடங்களுக்கு அனுப்பும் நரம்பணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. கோபம், மகிழ்ச்சி போல வந்துபோகும் உணர்ச்சியாகக் காதலைப் பார்ப்பதைவிட, பசி தாகம் போன்ற ஓர் உந்துதலாகப் பார்ப்பதே சரி என்று ஃபிஷர் வாதிட்டார்.

டோப்பமைனை ‘இன்ப ரசாயனம்’ என்று சொல்வது வழக்கம். அதுவும் முழுக்கச் சரியில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் 1989இல் தன் குழுவினருடன் எலிகளை வைத்து இதைச் சோதித்தார். டோப்பமைன் அநேகமாக முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் எதிரே உணவு இருந்தும் தாமாகச் சாப்பிடவில்லை. குழாய் வழியாக ஊட்டித்தான் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால், மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கி ரசித்தன. ருசி போகவில்லை, தேடல்தான் போய்விட்டது. டோப்பமைனின் வேலை சந்தோஷத்தைத் தருவது என்பதைவிட, ‘எழுந்து போ, அது உனக்கு வேணும்’ என்று விரட்டுவது.

இதெல்லாம் எனக்கு வெறும் படிப்பாக இருந்தது, என் அக்கா மகன் விஷயம் வரும்வரை. 24 வயது. மூன்று வருடம் பழகிய பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போனபோது ஆள் பாதியாகியிருந்தான். வேலைக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. அக்கா கோயிலுக்குக் கூட்டிப்போய் அர்ச்சனை செய்தாயிற்று. மாமா அவர் பங்குக்கு, “ஆம்பளைப் பிள்ளை, இதுக்கெல்லாமா அழுவுறது? எல்லாம் கெமிக்கல்” என்று சொல்லியாயிற்று. அவனுக்கு அவள் போனதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. “அவதான் வேண்டாம்னுட்டாளே மாமா. அப்புறமும் ஏன் இப்படி இருக்கேன்? எனக்கு ரோசமே இல்லையா?” என்று கேட்டான்.

பசியாறலாம் வா என்று ஒட்டுக்கடைக்குக் கூட்டிப்போனேன். ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தவனிடம் 2010இல் வந்த இன்னோர் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். அதே ஃபிஷர் குழுதான். இந்த முறை, காதலித்தவரால் கைவிடப்பட்டும் காதலை விட முடியாத 15 பேர். விழித்திருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் அவர் நினைப்புதான் என்று சொன்னவர்கள். பிரிந்தவரின் படத்தைக் காட்டியபோது அந்த நடுமூளைப் பகுதி அடங்கியிருக்கவில்லை, சுறுசுறுப்பாகவே இருந்தது. கொக்கெயின் பழக்கத்தில் ஏங்குபவர்களின் மூளையில் இயங்கும் இடங்களும், உடல்வலியோடு தொடர்புள்ள இடங்களும் கூடவே இயங்கின. அடுப்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பசி நின்றுவிடுவதில்லையே.

“ரோசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லடா” என்றேன். “அவ படத்தைப் பாக்கப் பாக்க அந்த இடம் கிளம்பிக்கிட்டேதான் இருக்கும். ராத்திரி போனை அம்மாகிட்ட குடுத்துட்டுப் படு.” அந்த ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. பிரிந்து நாட்கள் கூடக் கூட, பற்றுதலோடு தொடர்புள்ள ஒரு பகுதியின் இயக்கம் குறைந்திருந்தது. அதையும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் ரொட்டியைச் சாப்பிட்டான்.

‘கொஞ்ச நாள்ல இறங்கிடும்’ என்பதிலும் பாதி உண்மை இருக்கிறது. 1999இல் இத்தாலியின் பைசா நகரில் டொனடெல்லா மராசிட்டி, புதிதாகக் காதலில் விழுந்த 20 பேரின் ரத்தத்தைச் சோதித்தார். செரடோனினைக் கடத்தும் ஒரு புரதம், மீண்டும் மீண்டும் கை கழுவும் வகை மனநோய் உள்ளவர்களைப் போலவே, இவர்களிடமும் குறைந்திருந்தது. 12 முதல் 18 மாதங்கள் கழித்துச் சிலரை மறுபடி சோதித்தபோது அளவு வழமைக்குத் திரும்பியிருந்தது. ஆனால் அவர் அளந்தது ரத்தத் தட்டணுக்களைத்தான், மூளையை அல்ல. காணொளிகள் இதைச் சொல்வதில்லை.

மறுபாதியைச் சொன்னவர் பியாங்கா அசிவிடோ. சராசரியாக 21 ஆண்டுகள் மணவாழ்க்கை நடத்தியும் துணைமேல் தீவிரக் காதல் இருப்பதாகச் சொன்ன 17 பேரை அவர் குழு அதே முறையில் படம்பிடித்தது. துணையின் முகத்தைக் கண்டதும் அதே நடுமூளைப் பகுதி இயங்கியது. சிலருக்கு இறங்குவதேயில்லை.

ஏன் இவ்வளவு பசிக்கிறது என்பதற்கு மூளைப் படங்களில் கொஞ்சம் விடை இருக்கிறது. ஏன் குறிப்பாக அந்த முகத்துக்காக என்பதற்கு இல்லை. அந்தக் கேள்வியை அக்கா மகன் கேட்கவுமில்லை. ரோசம் கெட்டவன் இல்லை என்று தெரிந்ததே அவனுக்கு அன்றைக்குப் போதுமாக இருந்தது. கெமிக்கல் என்று தாராளமாகச் சொல்லலாம். பசித்தவனிடம் ‘வெறும் பசிதானே’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது.