கடிகாசலத்தில் ஒரு கடிகை

அரக்கோணத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், இராணிப்பேட்டை மாவட்டத்தில் அமைந்துள்ளது சோளிங்கர். ஊரை நெருங்கும்போதே இரண்டு குன்றுகள் கண்ணில் படுகின்றன. பெரிய மலையின் உச்சியில் அமிர்தவல்லித் தாயாருடன் யோக நரசிம்மர் எழுந்தருளியிருக்கிறார். அவரை அடைய 1,305 படிகள். எதிரே உள்ள சிறிய மலைக்கு 406 படிகள். அங்கே சங்கும் சக்கரமும் ஏந்திய யோக ஆஞ்சநேயர், பெருமாளின் திருவடிகளை நோக்கியவாறு வீற்றிருக்கிறார். உற்சவரான பக்தவத்சலப் பெருமாளுக்கு ஊருக்குள்ளேயே தனிக்கோயில் உண்டு. பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த இத்தலம், 108 திவ்ய தேசங்களுள் திருக்கடிகை என்னும் பெயரால் வழங்கப்படுகிறது.

கடிகை என்பது ஒரு நாழிகை, 24 நிமிடம். இத்தலத்தில் ஒரு கடிகைப் பொழுது தங்கி இறைவனை நினைத்தாலே வீடுபேறு கிட்டும் என்பது பெரியோர் வாக்கு. இத்தனை படிகள் என்றோ, இத்தனை முறை என்றோ கணக்கு வைக்காமல், இத்தனை பொழுது என்று மட்டும் கணக்கு வைத்த தலம் இது. முழங்கால் தேய்ந்த முதியவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

ஆனி மாதத்து வாரநாள் ஒன்றில் சோளிங்கருக்கு வந்திறங்கிய ஒரு முதிய தம்பதியருக்கு அச்செய்தி உடனே விளங்கிவிடவில்லை. கணவருக்கு வயது 72, மனைவிக்கு 68. மணமான ஆண்டு தொடங்கி, கார்த்திகை தோறும் இருவரும் சேர்ந்தே பெரிய மலை ஏறியவர்கள். பதினொரு மாதம் யோகத்தில் ஆழ்ந்திருக்கும் நரசிம்மர் கார்த்திகையில் கண் திறந்து அருள்கிறார் என்பது தலத்தின் ஐதிகம். அந்தத் திருக்கண் நோக்குக்காகவே அவர்கள் தவறாமல் வந்தார்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அம்மையாரின் வலது முழங்காலில் வலி தோன்றியது. மூட்டெலும்புகளின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்றார் மருத்துவர். முதல் மூன்று ஆண்டுகள் கணவர் மட்டும் மலையேற, அம்மையார் அடிவாரத்து மண்டபத்தில் காத்திருந்தார். பிறகு அடிவாரத்துக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். கணவர் கொண்டு வரும் துளசியே அவருக்குத் தரிசனமாயிற்று. வலிக்குமே என்று நடப்பதைக் குறைத்தார். நடக்காததால் தொடைத் தசைகள் மெலிந்தன. தசை மெலிந்ததால் மூட்டின் மீது சுமை கூடி, வலியும் கூடியது. உள்ளூர்ப் பிள்ளையார் கோயிலுக்குச் செல்வதும் அரிதாயிற்று. "விழுந்து நமஸ்காரம் பண்ண முடியாதவள் கோயிலுக்குப் போய் என்ன செய்ய?" என்று வருந்துவார்.

அவரை மீண்டும் வாசற்படி தாண்ட வைத்தவர் ஓர் இயன்முறை மருத்துவர். தேய்ந்த குருத்தெலும்பு பழைய நிலைக்குத் திரும்பாது என்பதை அவர் மறைக்கவில்லை. எனினும், மூட்டைத் தாங்கும் தசைகளுக்கு எந்த வயதிலும் வலுவூட்டலாம் என்றார். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. சமதரையில் நாள்தோறும் சிறிது நடை. சம்மணமிட்டு அமர்வதையும் குந்தி உட்கார்வதையும் தவிர்த்து, பூசைக்கும் நாற்காலி. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், அடியெடுத்து வைக்கும்போது முழங்கால் தாங்கும் சுமையில் ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்றும் விளக்கினார். வலி மாத்திரைகள் முதியோரின் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடும் என்பதால், மருத்துவரைக் கேளாமல் அவற்றை உட்கொள்ளலாகாது என்று எச்சரித்தார். எட்டு மாதப் பயிற்சியில் அம்மையார் தெருக்கோடி வரை நடந்து திரும்பும் அளவுக்குத் தேறினார்.

அதற்குள் சோளிங்கரிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெரிய மலைக்கு ரோப் கார் இயங்கத் தொடங்கியது. முன்பெல்லாம் நடக்க இயலாதவர்கள் டோலியில்தான் செல்ல வேண்டும். தம்மை நான்கு பேர் சுமப்பதற்கு மனம் ஒப்பாமல் பலர் மலையையே மறந்திருந்தார்கள். அம்மையாரும் அவர்களுள் ஒருவர். ஆயினும் ரோப் கார் பற்றி மகன் சொன்னபோது, அவருக்கு வேறொரு தயக்கம் எழுந்தது. படி ஏறாமல் சென்றால் அது யாத்திரையாகுமா? உடல் வருந்தாமல் கிடைக்கும் தரிசனத்துக்குப் பலன் உண்டா? கணவர் வற்புறுத்தியதன் பேரில், அரை மனத்துடன்தான் கிளம்பினார்.

தக்கான் குளக்கரையில்

அவர்கள் அடிவாரத்தை அடைந்த நேரத்தில் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக் கருதி ரோப் கார் நிறுத்தப்பட்டிருந்தது. காற்று தணிந்தால்தான் இயங்கும். அம்மையார் மலையை அண்ணாந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

"இவ்வளவு தூரம் வந்தாயிற்று. நான் மட்டும் படியேறிப் போய்த் துளசி வாங்கி வந்துவிடட்டுமா?" என்றார் கணவர்.

"வேண்டாங்க. இத்தனை வருஷமா துளசிதான் வந்தது. இந்தத் தடவை நீங்களும் என்னோடு இருங்க."

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, இரண்டு ஆண்டுகளாகத் தமக்கும் இடது முழங்கால் வலிப்பதாகவும், சென்ற கார்த்திகையில் பாதி வழியிலேயே மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றுவிட்டதாகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். துளசி நின்றுவிட்டால் மனைவி மனமுடைந்து போவாள் என்று அஞ்சியே அதை மறைத்திருந்தார். "என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்ட அம்மையாரின் கண்கள் கலங்கியிருந்தன.

இருவரும் பக்தவத்சலப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் தக்கான் குளக்கரைக்கு வந்து அமர்ந்தார்கள். இந்தக் குளக்கரைக்கு ஒரு வரலாறு உண்டு. சோளிங்கரில் வாழ்ந்த தொட்டாச்சார் என்னும் ஆசாரியர், ஆண்டுதோறும் காஞ்சி சென்று வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாளின் கருட சேவையைக் கண்டு வருபவர். ஓராண்டு அவரது உடல்நிலை பயணத்துக்கு இடம் தரவில்லை. கருட சேவை நாளன்று இக்குளக்கரையில் நின்று, காஞ்சியில் பெருமாள் புறப்படும் வேளையை எண்ணியெண்ணி உருகி, ஐந்து சுலோகங்களால் துதித்தார். வரதர் கருடன் மீது அங்கேயே அவருக்குக் காட்சி தந்தார் என்கிறது தல வரலாறு. அதன் நினைவாக இன்றும் காஞ்சியில், கருட வாகனத்தில் பெருமாள் கோபுர வாயிலை அடையும்போது, ஒரு கணம் குடைகளால் அவரை மறைக்கிறார்கள். அந்தக் கணத்தில் பெருமாள் சோளிங்கர் சென்று திரும்புவதாக ஐதிகம். தொட்டாச்சார் சேவை என்றே அதற்குப் பெயர்.

இந்த வரலாற்றை அம்மையார் இளமை முதல் அறிந்தவர்தாம். ஆயினும் அது மகான் ஒருவருக்குக் கிடைத்த பேறு என்றே இதுவரை எண்ணியிருந்தார். உடல் நலிந்து ஊரைவிட்டு நகர முடியாமற்போன ஒரு மனிதரின் துயரமும் அதனுள் இருப்பது, அன்று அதே கரையில் அமர்ந்திருந்தபோதுதான் அவருக்குத் தட்டுப்பட்டது. அவர் நடந்து செல்லவில்லை. ஆயினும் அந்த யாத்திரை நிறைவேறியது. ரோப் கார் பற்றிய தயக்கம் அம்மையாரின் மனத்தைவிட்டு அகன்றது.

மலைமேல்

அன்றிரவு ஊரிலேயே தங்கினார்கள். மறுநாள் காலை காற்று அடங்கியிருந்தது. ஒரு காலத்தில் அவர்கள் பாதி நாளைச் செலவிட்டு ஏறிய மலை, ரோப் காரில் சில நிமிடங்களில் கீழே இறங்கிவிட்டது. ஏறுவோரும் இறங்குவோரும், இளைப்பாறும் மண்டபங்களும் சிறிதாகத் தெரிந்தன. கணவர் எந்த மண்டபத்துத் தூணில் சாய்ந்து நின்றார் என்று அம்மையார் கேட்க, அவர் விரலால் சுட்டிக் காட்டினார்.

மேலேயும் சில படிகள் இருக்கவே செய்தன. அம்மையார் இயன்முறை மருத்துவர் கற்பித்தபடி நடந்தார். வலி வலது காலில் என்பதால் கைத்தடி இடது கையில். ஏறும்போது முதலில் நல்ல கால், பின்னர் வலியுள்ள கால். இறங்கும்போது கைத்தடியும் வலியுள்ள காலும் முதலில். ஒவ்வொரு படியிலும் இரு பாதங்களும் சேர்ந்த பிறகே அடுத்த படி. பின்னால் வந்தவர்களுக்கு ஒதுங்கி வழி விட்டார்; யாருக்காகவும் விரையவில்லை.

கார்த்திகை அன்று, பெருமாள் கண் திறக்கும் மாதமும் அன்று. "கண்ணை மூடியிருந்தால் என்ன, யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாதா அவருக்கு?" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார். தண்டனிட்டு வணங்க இயலாத குறை சந்நிதியில் மீண்டும் உறுத்தியது. கைகளைத் தலைக்கு மேல் குவித்து நின்றார். தீர்த்தமும் துளசியும் சடாரியும் பெற்றபின், இருவரும் ஒரு திண்ணையில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தார்கள்.

எதிரே சிறிய மலை. ஒரே தாவலில் கடலைக் கடந்தவர், சஞ்சீவி மலையைப் பெயர்த்து வந்தவர், அங்கே அசையாமல் அமர்ந்திருக்கிறார். இத்தலத்தில் அவர் எங்கும் தாவவில்லை. பார்வை மட்டும் நரசிம்மரின் திருவடியில் நிலைத்திருக்கிறது. அதுவே அவருக்கு யோகம். மலைக்கு மலை பார்த்தபடி அம்மையார் அவரையும் கைகூப்பினார். ஒரு கடிகைக்கும் மேலாக அவர்கள் அங்கே இருந்தார்கள்.

செல்வோர் கவனத்துக்கு

மூட்டு வலியுள்ளோர் கார்த்திகை மாதத்து வெள்ளி, ஞாயிற்றுக்கிழமைகளின் நெரிசலைத் தவிர்த்து, வாரநாள் காலையில் செல்வது நலம். ரோப் கார் இயங்குகிறதா என்று முன்னரே விசாரித்துக்கொள்ளுதல் வேண்டும். காற்றோ மழையோ குறுக்கிடலாம் என்பதால் ஒரு நாள் தங்குவதற்கு ஆயத்தமாகச் செல்லலாம். மலையில் குரங்குகள் மிகுதி. தின்பண்டங்களையும் கண்ணாடியையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். மேலே செல்ல இயலாமற்போயினும், ஊருக்குள் பக்தவத்சலரும் தக்கான் குளமும் இருக்கின்றன.

குரங்குகளை விரட்டுவதற்கென அடிவாரக் கடைகளில் கோல்கள் விற்பார்கள். ஊர் திரும்பும் முன், அதுவரை கைத்தடி என்றாலே முகம் சுளித்துவந்த கணவர், உறுதியான கோல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து விலை கொடுத்து வாங்கினார். அதை இடது கையில் பற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கியவரை அம்மையார் நிறுத்தினார்.

"உங்களுக்கு வலி இடது கால்லதானே? வலது கையில பிடிங்க."

அவர் கை மாற்றிக்கொண்டார். இருவரும் பேருந்து நிலையத்தை நோக்கி மெல்ல நடந்தார்கள்.