ஒரு டாலருக்கு ஒரு பேய்க்கதை



இன்று ஒரு இங்கிலீஷ் வாத்தியாரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே பேய்க்கதை எழுதியவர். பெயர் ஸ்டீபன் கிங். 1974-இல் 'கேரி' என்ற முதல் நாவல் வந்தது. அதன் பிறகு எழுத்தே தொழிலாகிவிட்டது. 'இட்', 'தி ஷைனிங்' எல்லாம் அவர் கதைகள்தான். உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

பேர் வந்ததும், சினிமா படிக்கும் பிள்ளைகள் அவருடைய சிறுகதைகளைப் படமாக எடுத்துப் பழக அனுமதி கேட்டார்கள். சட்டச் சிக்கல் வரும் என்று அவருடைய கணக்கர் புலம்பினாராம். கிங் கேட்கவில்லை. 1977 வாக்கில் ஒரு ஏற்பாடு செய்தார். கட்டணம் 1 டாலர். சிறுகதை மட்டும்தான், நாவல் கிடையாது. படத்தை வைத்துக் காசு பண்ணக் கூடாது. முடிந்ததும் ஒரு பிரதியை அவருக்கு அனுப்ப வேண்டும். இப்படி வந்த படங்களுக்கு 'டாலர் பேபி' என்றே பெயர்.

அந்த 1 டாலர் எதற்கு? சும்மா கொடுத்தால் அது தானம். ஒரு டாலர் வாங்கினால் அது ஒப்பந்தம். கேட்டவனுக்கும் பொறுப்பு வந்துவிடுகிறது.

அப்படிக் கேட்டவர்களில் பிராங்க் டாராபாண்ட் என்ற இளைஞரும் ஒருவர். சாகக் கிடக்கும் அம்மாவையும் மகனையும் பற்றிய கதையை 1983-இல் குறும்படமாக எடுத்தார். அதே ஆள்தான் பிறகு 1994-இல் 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' எடுத்தவர். அதுவும் கிங் கதையே.

எல்லோரும் டாராபாண்ட் ஆகவில்லை, ஆக வேண்டியதும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த எழுத்தின் மேல் எழுதி எழுதித்தானே உங்களுக்கும் கையெழுத்து வந்தது!

கேட்காமல் எடுப்பவர்களும் உண்டு. ஹாக்கி முகமூடி போட்ட ஜேசன் வரும் 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' வரிசையில் 2009-க்குப் பிறகு தியேட்டருக்குப் புதுப்படம் வரவில்லை. முதல் படத்தின் கதாசிரியரும் தயாரிப்பாளரும் உரிமைக்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த இடைவெளியில் ரசிகர்களே பணம் போட்டு 'நெவர் ஹைக் அலோன்' என்ற படத்தை எடுத்து, 2017-இல் யூடியூபில் இலவசமாக விட்டார்கள். ஆசை பாராட்டத்தக்கது. ஆனால் இலவசம் என்பதாலேயே அது அனுமதி ஆகிவிடாது. உரிமையாளர் கண்டும் காணாமல் இருக்கும்வரைதான் ஓடும்.

"பையன் செல்போனில் பேய்ப்படம் எடுக்கிறான், அதுவும் காப்பி. கண்டிக்கவா டீச்சர்?" என்று ஒரு பழைய மாணவி கேட்டாள். கண்டிக்காதே அம்மா. பழகட்டும். ஆனால் யார் கதை என்பதை முதலில் போடச் சொல். விற்கக் கூடாது என்று சொல். கேட்க முடிந்தால் கேட்கச் சொல்.

2023 முடிவோடு கிங் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நடந்திருக்கிறது!

உங்களில் பலர் இன்று பட்டறை, ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று சாவியைக் கையில் வைத்திருக்கிறீர்கள். கற்றுக்கொள்ள ஒரு சின்னப் பிள்ளை வாசலில் வந்து நின்றால், "அனுபவம் இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். சின்ன விலை வையுங்கள், நிபந்தனையைக் கறாராகச் சொல்லுங்கள், முடித்ததும் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்