நாற்பத்தொன்பதாயிரம்

இன்பிளான்ட் டிரெய்னிங் போன மெக்கானிக்கல் நண்பர்கள் கையெல்லாம் கிரீஸோடு திரும்புவார்கள். கம்ப்யூட்டர் பிரிவுக்காரனான எனக்கு 2023-ல் வாய்த்தது சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. ஏ.சி. அறை, இலவச டீ. "கறுப்புப் பணத்தைப் பிடிக்கிற சாஃப்ட்வேர்டா!" என்று ஹாஸ்டலில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

உண்மையில் பிடிக்க வேண்டியவர் மனிதர்தான். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002-ல் வந்து, 2005 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி சந்தேகமான வரவு செலவுகளை வங்கிகள் டெல்லியிலுள்ள நிதி நுண்ணறிவுப் பிரிவுக்கு அறிக்கையாக அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் அலர்ட் மட்டுமே தரும். ஓர் அதிகாரி அதைக் கேஸாக எடுத்து விசாரித்து, ஒன்று மூட வேண்டும், இல்லை மேலே அனுப்ப வேண்டும். ஆள் குறைவு, அலர்ட் அதிகம். எச்.எஸ்.பி.சி. வங்கியில் 17,000-க்கும் மேற்பட்ட அலர்ட்டுகள் பார்க்காமலே கிடந்ததை 2012-ல் அமெரிக்க செனட் குழு வெளிக்கொண்டு வந்தது. அதே வருடம் அபராதமும் பறிமுதலுமாக அந்த வங்கி கட்டியது சுமார் 190 கோடி டாலர்!

அதிகாரி ஒரு திரையில் முகவரி, இன்னொன்றில் ஸ்டேட்மென்ட், மூன்றாவதில் பழைய கேஸ் என்று தேடித் தேடி எழுதுவதை, எல்லாம் ஒரே பக்கத்தில் தானாக வந்து விழும்படி மாற்றுவதுதான் எங்கள் டீமின் வேலை. அறிக்கையின் வாசகத்தையும் கம்ப்யூட்டரே எழுதிவிடும். அந்த வாசகத்தை அமைத்தவன் அடியேன்.

சோதிக்க மாதிரிக் கணக்கு ஒன்று வேண்டும். சோம்பேறித்தனத்தில் அப்பாவின் பாஸ்புக்கை நினைவிலிருந்து அடித்தேன். அப்பா ஆட்டு வியாபாரி. அய்யலூர் வியாழன் சந்தை முடிந்ததும் மாதம் இரண்டு முறையாவது பணம் கட்டுவார். எப்போதும் 49,000. அப்போதெல்லாம் ஒரே நாளில் 50,000-க்கு மேல் ரொக்கம் கட்டினால் பான் எண் கேட்பார்கள். அது இல்லாதவர்களுக்குப் படிவம் 60 இருந்தது. ஆனால் கவுண்டரில் இருந்தவர் அப்பாவிடம், "எதுக்குங்க ஃபாரமெல்லாம்? நாப்பத்தொம்பதா போட்டுடுங்க" என்றிருக்கிறார்.

பட்டனைத் தட்டினேன். நொடியில் அறிக்கை தயார். 'இவ்வாடிக்கையாளர் வரம்பைத் தவிர்க்கும் நோக்கத்துடன் தொகையைத் தொடர்ந்து பிரித்துச் செலுத்தியுள்ளார்.' என் வாசகம்தான். படித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். இறங்கவில்லை.

டெஸ்டிங்கில் ஒரு மேடம் இருந்தார், வங்கியில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் காட்டினேன். "'நோக்கத்துடன்'னு எழுதியிருக்கியே தம்பி, யாராவது அவரைக் கேட்டாங்களா?" என்றார்.

"அப்ப ஆட்டு வியாபாரின்னா தானா மூடிடற மாதிரி செஞ்சிடட்டுமா மேடம்?"

"செய். நாளைக்கே ஊர்ல இருக்கற திருடனெல்லாம் ஆட்டு வியாபாரின்னு கணக்கு ஆரம்பிப்பான்!"

இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினேன். 'நோக்கத்துடன்' போயிற்று. தேதி, தொகை மட்டும் கம்ப்யூட்டர் எழுதும். கிளையிடம் தொழில், ஊர், பணம் வந்த வழி கேட்டுப் பதில் வரும்வரை இரண்டு பட்டனும் பூட்டியிருக்கும். காரணத்தை அதிகாரியே தன் சொந்த வார்த்தையில் அடிக்க வேண்டும். டீம் லீடருக்குப் பிடிக்கவில்லை. "டெமோல டைம் ஏறுதுப்பா. அதுக்கா ஆட்டோமேஷன்?" கடைசியில் மேலே அனுப்பும் பட்டனுக்கு மட்டும் பூட்டு வைத்தார்கள். மூடுவதற்கு ரெடிமேட் காரணம் அப்படியே இருந்தது. அதில் எனக்கு இன்றும் சம்மதமில்லை.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். "அப்பா, உடனே பான் கார்டு எடுங்க. உள்ளபடி கட்டுங்க."

"ஏன்டா, பேங்க்ல ஏதும் சொன்னாங்களா?"

என்ன சொல்வது? அறிக்கை போனால் வாடிக்கையாளரிடம் வங்கி மூச்சு விடக்கூடாது என்பது விதி. அப்பாவைப் பற்றி எப்போதாவது ஒன்று போயிருந்தாலும் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்" என்றேன்.

கார்டு வந்துவிட்டது. பாஸ்புக்கில் உள்ள பெயருக்கும் அதற்கும் ஓர் எழுத்து இடிக்கிறது. பெயர் பொருந்தாவிட்டால் எங்கள் சாஃப்ட்வேரில் அதற்குத் தனி அலர்ட் உண்டு!