எத்தனை நாளாகும்?

சில ஆண்டுகளுக்கு முன் நம் சிற்றப்பாவின் மகளுடைய கணவர் திடீரென இறைவனடி சேர்ந்தார். அவருக்கு வயது 42. முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, உறவினர் யாவரும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். ஆறுதலாக ஏதேனும் கூறவேண்டுமே என்ற தவிப்பில் நாம் ஒரு கதையைத் தொடங்கினோம். தியான உரைகளில் அடிக்கடி கேட்கும் கதைதான். ஜப்பானியர் உடைந்த மட்கலத்தை எறிந்துவிடுவதில்லை. பிளவுகளைப் பொன்னால் இணைக்கின்றனர். இணைத்த கலம் முன்னிலும் அழகு பெறுகிறது. அவ்வளவே கதை. சொல்லி முடித்தபோது நம் சொல்வன்மையில் நமக்கே சற்று மனநிறைவு உண்டாயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவள் காலியான தேநீர்க் குவளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "அண்ணே, அதை ஒட்டி முடிக்க எத்தனை நாளாகும்?" என்று கேட்டாள்.

நமக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் நா எழவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றுவிட்டாள்.

அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தோம். முதலில் அறிந்ததே நம்மை நாணச் செய்தது. 'கின்ட்சுகி' என்னும் சொல்லுக்குப் பொன்னால் இணைத்தல் என்பதே பொருள். ஆயினும் ஓட்டோடு ஓட்டை இணைப்பது பொன் அன்று. பொன், கடைசியில் மேலே தூவப்படும் தூள் மட்டுமே. கலத்தைத் தாங்கி நிற்பது உருஷி என்னும் ஒரு மரத்தின் பால்.

நம் நாட்டு அரக்கு பூச்சியிடமிருந்து கிடைப்பது; இதுவோ மரத்தைக் கீறி எடுப்பது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த மரத்தில் கோடை முழுவதும் கீறிக் கீறி வழித்தெடுத்தால் ஏறத்தாழ 200 கிராம் பால் கிடைக்கும். ஜப்பானிய வழக்கப்படி, அதன்பின் அம்மரத்தை வெட்டிவிடுகின்றனர். மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் இம்மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. முந்திரிக்கொட்டை உடைப்போரின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை. பச்சை உருஷி தோலில் பட்டால் அரிப்பு எடுக்கும், கொப்புளம் கிளம்பும். உடைந்ததை ஒட்டவைக்கும் மருந்தே கையைப் புண்ணாக்குகிறது. முற்றிலும் இறுகிய பின்னரே அதன் கடுமை அடங்குகிறது.

அந்த வேலை நடக்கும் விதத்தையும் சொல்லவேண்டும். உடைந்த ஓடுகளைக் கழுவி, விளிம்புகளைச் சற்றே தேய்க்கிறார்கள். கோதுமை மாவை நீரிட்டுப் பிசைந்து, அதில் உருஷியைக் கலந்தால் பசை ஆயத்தமாகிறது. அப்பசையை விளிம்புகளில் மெல்லியதாகத் தடவி, ஓடுகளைப் பொருத்தி, அசையாதபடி கட்டி, 'முரோ' எனப்படும் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். நாம் மிகவும் வியந்தது இவ்விடத்தில்தான். வெயிலில் வைத்துக் காயவிடுவார்கள் என்று எண்ணியிருந்தோம். உருஷி காய்ந்து இறுகுவதில்லை. அதற்கு ஈரம் வேண்டும். பாலிலுள்ள ஒரு நொதி, ஈரக்காற்றும் இளஞ்சூடும் இருந்தால்தான் செயற்பட்டு அதைக் கெட்டியாக்கும். ஆகவே பெட்டிக்குள் 70 முதல் 85 விழுக்காடு ஈரப்பதமும், 20 முதல் 25 பாகை வெப்பமும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அந்த இருட்டிலும் ஈரத்திலும் கலம் வாரக்கணக்கில் கிடக்கிறது. வேலை செய்பவர் செய்யக்கூடியது யாதுமில்லை.

அதன்பின் விடுபட்ட சில்லுகளின் இடத்தை, நுண்ணிய மண்தூளும் உருஷியும் கலந்த சாந்தால் நிரப்புகின்றனர். மறுபடியும் பெட்டி. தேய்த்து மழமழப்பாக்கி, இணைப்பின்மேல் கரிய உருஷி பூசுகின்றனர். மறுபடியும் பெட்டி. இறுதியாகச் செந்நிற உருஷியை மெல்லிய கோடாக இழுத்து, அது பாதி இறுகியிருக்கும் தருணம் பார்த்துப் பொன்தூளைத் தூவுகின்றனர். எல்லாம் முடிய இரண்டு மூன்று மாதங்கள், சில வேளை அதற்கும் மேல். இக்காலத்தில் செயற்கைப் பசையும் பித்தளைத் தூளும் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். ஒரே நாளில் கலம் மின்னும். திண்ணையில் நாம் விற்க முயன்றதும் ஏறக்குறைய அந்தப் பெட்டியைத்தான்.

இக்கலையின் பிறப்பைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. 15ஆம் நூற்றாண்டின் ஷோகுன் அஷிகாகா யோஷிமாசா, விரிசல் கண்ட சீனக் கிண்ணம் ஒன்றைச் சீனத்துக்கே அனுப்பி, அதுபோல் வேறொன்று கேட்டாராம். அத்தகைய கிண்ணம் இனிக் கிடையாது என்று சொல்லி, விரிசலுக்கு உலோகக் கவ்விகள் அடித்துத் திருப்பி அனுப்பினார்களாம். அந்த அழகற்ற வேலையைக் கண்டு மனம் நொந்ததால் பொன் இணைப்புத் தோன்றிற்று என்பர் சிலர். நமக்கு இது ஐயமாகவே படுகிறது. ஏனெனில் அக்கிண்ணம் இன்றும் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் அதே கவ்விகளுடன் இருக்கிறது! எவரும் அவற்றைப் பிடுங்கிப் பொன் பூசவில்லை. வெட்டுக்கிளி போன்ற அக்கவ்விகளை வைத்தே 'பகோஹான்' என்று பெயரிட்டுப் போற்றி வந்திருக்கிறார்கள்.

மற்றொரு கிண்ணத்தின் கதை நம் வாசகர்களுக்குச் சற்று நெருக்கமானது. நாகசாகியில் 1597ஆம் ஆண்டு 26 மறைசாட்சியரைச் சிலுவையில் அறையச் செய்த ஹிதேயோஷியை நாம் அறிவோம். அவரிடம் கொரிய நாட்டுக் கிண்ணம் ஒன்று இருந்தது. 'த்சுத்சுயிட்சுத்சு' என்பது அதன் பெயர். (உச்சரிக்க முயல்வோர் பொறுத்தருள்க.) ஒரு நாள் பணிவிடை செய்த சிறுவன் அதைக் கைதவறிப் போட்டுவிட, அது ஐந்து துண்டாயிற்று. ஹிதேயோஷியின் சினம் எப்படிப்பட்டது என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். அப்போது உடனிருந்த ஹொசொகாவா யூசாய் என்னும் கவிஞர், பழம்பாட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு, குற்றம் தம்மைச் சேர்ந்தது என்று பொருள்படும்படி ஒரு வேடிக்கைப் பாட்டுக் கட்டினாராம். ஹிதேயோஷி சிரித்துவிட்டார், சிறுவன் பிழைத்தான். கிண்ணமும் ஒட்டப்பட்டு இன்றளவும் இருக்கிறது. 1600ஆம் ஆண்டில் உயிர்நீத்த கிறிஸ்தவப் பெருமாட்டி கிராசியா, இந்த யூசாயின் மருமகளே.

உடைந்த அக்கணத்தில் யூசாய் கிண்ணத்தைப் பற்றி நினைக்கவில்லை, சிறுவனைப் பார்த்தார். நாமோ முப்பதாம் நாளில் ஒரு பெண்ணின் முன் அமர்ந்து கிண்ணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாள் மாலையில், அவளைக் கல்லறைத் தோட்டத்தில் கண்டோம். பிள்ளைகள் இருவரும் பூக்களைப் பரப்பிக்கொண்டிருந்தனர். அவள் மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாள். அருகில் சென்று நின்றோம். வெகுநேரம் கழித்து, "அன்றைக்கு நீ கேட்டாயே அம்மா, இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். சில வேளை அதற்கு மேலும் ஆகுமாம். பெரும்பாலும் அப்படியே மூடி வைத்திருப்பதுதான் வேலையாம்" என்றோம்.

எதைச் சொல்கிறோம் என்று அவளுக்கு உடனே புரிந்தது. சற்று யோசித்தாள்.

"அதுவரைக்கும் அதில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கமாட்டார்கள் இல்லையா, அண்ணே?"

"மாட்டார்கள்."

"சரி" என்றாள். காற்றில் ஒரு திரி அணைந்துவிட்டது. அதை அவள் மீண்டும் ஏற்ற, நாம் கையைக் குவித்துச் சுடருக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டோம்.