பாட்டியின் ஜார்ஜ் பவுன்

ஏரியூர்ப் பாட்டி ஒருவரின் சுருக்குப்பையில் மாமியார் கொடுத்த ஒற்றைப் பவுன் காசு. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதை உருக்கிவிடலாம் என்றார் மகன். "இருங்கப்பா, முதல்ல எடை போட்டுப் பார்க்கலாம்" என்று தடுத்தது பேத்திதான்.

நாம் எட்டு கிராமைச் சவரன் என்பதே இந்த ஆங்கிலேயக் காசை வைத்துத்தான். அசல் 7.98 கிராம், 22 காரட், விட்டம் சுமார் 22 மில்லிமீட்டர். மட்டமான உலோகம் கலந்தால் அதே அளவில் எடை குறையும். எடையைச் சரிக்கட்டினால் காசு தடித்துவிடும். (முழுத் தங்கத்திலேயே போலி அடித்தவர்களும் உண்டு. அதற்கு நாணயம் தெரிந்தவர் கண்தான் வேண்டும்.)

நகைக்கடைத் தராசில் எடை சரியாக இருந்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரை வீரன். 1918-க்கு மேலே, லென்ஸில் மட்டும் தெரியும் ஆங்கில 'ஐ' எழுத்து! பம்பாய் ஆலையின் முத்திரை அது. அங்கே சவரன் அடித்தது அந்த ஒரே ஆண்டுதான். அதற்காகப் பெரும் பணம் வந்துவிடாது. ஆனால் உருக்கினால் அந்த எழுத்து போயே போச்சு.

பாட்டி உடனே புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பினார். தேய்த்தால் கீறல் விழும், மதிப்பும் இறங்கும். வளையம் பற்றவைத்தாலும் அதே கதிதான்.

கட்டணத்துக்குப் பாட்டியின் தோடு அடகுக்குப் போனது. காசு இப்போது பருத்தித் துணியில், பீரோவில். சுருக்குப்பையில் சுண்ணாம்பு டப்பா இருக்கிறதே!