வலக்காற் கியர்

சேதராப்பட்டுப் பட்டறையொன்றில் நம் மருமகன் பழைய புல்லட் ஒன்றுக்கு விலை பேசினார். "இங்கிலாந்திலேயே செய்தது, மாமா! மலைப்பாதைப் பந்தயத்தில் வென்ற இனம்" என்றார்.

இனம் மெய்தான். 1952-இல் ஸ்காத்லாந்தின் ஆறு நாள் போட்டியில் ஜானி பிரிட்டன் வென்றது 350 சி.சி. புல்லட்டில்தான். ஆயினும் வலக்காற் கியரைக் கண்டு மயங்கலாகாது. 1955-இல் தொடங்கிய சென்னை என்ஃபீல்டு நிறுவனத்தின் பழைய வண்டிகளுக்கும் அதுவே அமைப்பு. ஹதீஸுக்கு இஸ்னாதைப் பார்ப்பவர்கள் நாம். வண்டிக்கு எண்களைப் பார்த்தோம். எஞ்சினிலும் சட்டத்திலும் பொறித்தவை பதிவுப் புத்தகத்தோடு ஒத்தன. தயாரிப்பு ஆண்டோ 1974! இங்கிலாந்து நிறுவனம் 1970-இலேயே மூடப்பட்டதன்றோ?

"சென்னை வண்டி, மருமகனே" என்றோம். விற்பவர் தலைகுனிந்தார். மருமகன் அதையே வாங்கினார், சென்னை வண்டிக்குரிய விலைக்கு.