அண்ணன், மகள், கல்மரம்

மல்லாட்டை பிடுங்கி முடிச்சாச்சு. நீங்கள் நிலக்கடலை என்பீர்கள், எங்கள் பக்கம் மல்லாட்டை. விலை பற்றி எழுதினால் வயிறு எரியும். அதனால் இந்தமுறை வீட்டில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன். நிலத்துக்காக வந்த சண்டை இல்லை, வரப்புக்காகவும் இல்லை. உலகம் எப்படி உண்டாச்சு என்பதற்காக.

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். எனக்கு ஒன்றரை ஏக்கர் மணல்பாங்கான பூமி, கொஞ்சம் சவுக்கு. அண்ணனுக்கு மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷ வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அளத்தில் வேலை கிடையாது. அந்த நாளில்தான் அண்ணனுக்குக் குடி பிடிச்சது. அப்புறம் மழைக்காலம், வெயில்காலம் என்று வித்தியாசம் இல்லாமல் போச்சு. அண்ணி இரண்டுமுறை தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார்.

கூட வேலை செய்கிற ஒருத்தர் அண்ணனை ஒரு ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். என்ன நடந்ததோ தெரியாது, ஒரு மாசத்தில் குடி நின்றது. நான் நம்பவில்லை. இன்னும் எத்தனை நாளைக்கு என்றுதான் நினைத்தேன். 2023 மே மாதம் இங்கே பக்கத்தில் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தது உங்களுக்குச் செய்தியாகத் தெரியும். எங்களுக்கு அது தெரிந்த முகங்கள். அன்று ராத்திரி அண்ணன் வீட்டுத் திண்ணையில் போய் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். பழைய அண்ணனாக இருந்திருந்தால் அவரும் அந்த வரிசையில் படுத்திருப்பார். அதனால் அவருடைய விசுவாசத்தை யாராவது கேலி பண்ணினால் எனக்குக் கோபம் வரும். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகணும்.

அந்தக் கூட்டத்தில் சொல்வதை அண்ணன் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வார். உலகத்துக்கு வயசு ஆறாயிரம் வருஷம். ஆறு நாளில் படைப்பு, ஒவ்வொரு நாளும் இருபத்துநாலு மணி நேரம். இந்தக் கணக்கு ஒன்றும் புதுசு இல்லை. 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் அஷர், விவிலியத்தில் இருக்கிற வம்சங்களைக் கூட்டிப்பார்த்து, கி.மு. 4004இல் உலகம் படைக்கப்பட்டது என்று எழுதிவைத்தார்.

என் சின்ன மகள் திண்டிவனத்தில் பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறாள். முதல் வருஷ ஃபீஸ் அண்ணன் கட்டியது, அளத்தில் அட்வான்ஸ் வாங்கி. சின்ன வயசில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்க் கழுவெளியில் பறவை காட்டியதும் அவர்தான். அந்தப் பாசத்தில்தான் இந்தச் சண்டை இவ்வளவு பெருசானது.

போன கிறிஸ்துமஸ் மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கேயோ போய், இவள் சொன்னாள்: "பெரியப்பா, நாம கொரங்குலேர்ந்து வரல. ஆனா கொரங்கும் நாமளும் ஒரே பாட்டன் வழி. பங்காளி மாதிரி." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அண்ணன் பாதிச் சோற்றில் தட்டிலேயே கை கழுவினார். "எம் பணத்துல இதத்தான் படிச்சியா?" அதோடு எழுந்து போனவர் பொங்கலுக்கு வரவில்லை. அம்மா திதிக்குக்கூட கோயிலுக்கு வந்து பூசை பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டார்.

நான் பத்தாவதோடு நிறுத்தியவன். எனக்கு டார்வின் என்றால் தாடிக்காரர் படம்தான் ஞாபகம் வரும். மகளிடமே கேட்டேன், அது என்னதான் சொல்லுதுன்னு. அவள் புத்தகத்தை எடுக்கவில்லை, என்னையே கேட்டாள்: "முந்தி நெல்லுல பொகையானுக்கு ஒரு மருந்து அடிச்சியே, இப்ப ஏன் அடிக்கிறதில்ல?" இப்போ அது கேட்கிறதில்லை. முதலில் அடித்தபோது பூச்சி கொத்தாக விழுந்தது. நாலைந்து வருஷத்தில் அளவைக் கூட்டியும் விழவில்லை. "மொதல்ல அடிச்சப்பவே ஒண்ணு ரெண்டு சாகாம நின்னுருக்கும்ப்பா. அதுங்க குட்டிதான் இப்ப வயல்ல இருக்கு. நீதான் பொறுக்கி எடுத்த." விதைக்கு நல்ல காயாகப் பொறுக்குவது எனக்குத் தெரியும். பூச்சிக்கும் நானே பொறுக்கி விதை எடுத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இதை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் சளைக்கவில்லை. "பூச்சி பூச்சியாத்தானடா நிக்குது? தவக்களையா மாறிடுச்சா?" நல்ல கேள்விதான். மகள் கேட்டுவிட்டு, "அஞ்சு வருஷத்துல மாறாது, அதுக்குக் கோடி வருஷம் வேணும்" என்றாள். ஆக சண்டை குரங்கில் இல்லை, காலத்தில் இருக்கிறது. ஆறாயிரமா, கோடியா?

எங்கள் பங்குச் சாமியாரிடமும் கேட்டேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: திருச்சபை இதை எதிர்க்கவில்லை. 1950லேயே பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடல் எப்படி வந்தது என்று ஆராயத் தடை இல்லை, ஆன்மா மட்டும் கடவுளிடமிருந்து வருவது என்று எழுதினார். 1996இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் அனுமானத்துக்கும் மேலானது என்றார். பட்டாணிச் செடியை வைத்துப் பரம்பரைக் கணக்குக் கண்டுபிடித்த மெண்டல் ஒரு துறவி. இவ்வளவையும் இத்தனை வருஷத்தில் ஒரு பிரசங்கத்தில்கூட ஏன் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் சின்ன வயசிலிருந்தே உண்டு. சூரியனே நாலாம் நாள்தான் படைக்கப்பட்டது. அப்போ முதல் மூன்று நாளை எந்தச் சூரியனை வைத்து எண்ணினார்கள்? காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவனுக்கு இது வராத சந்தேகமா?

மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரையும் திருவக்கரைக்குக் கூட்டிப்போனேன். அண்ணனிடம் ஒரு வரன் விஷயம் என்று பொய் சொன்னேன். வானூர் தாலுகாவில் இருக்கிறது திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் போகும். அதற்குப் பக்கத்திலேயே கல்மரப் பூங்கா. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இந்த ஊர் இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் பார்த்ததில்லை. (என்.சி.இ.ஆர்.டி. 2023இல் பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது 1800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். நம் மாநிலப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது.)

செம்மண்ணில் அடிமரம் அடிமரமாகக் கிடக்கிறது. பார்த்தால் மரம், தட்டினால் கல். 1781இலேயே சொன்னராத் என்கிற பிரெஞ்சுக்காரர் பார்த்து எழுதியிருக்கிறார். வயசு சுமார் இரண்டு கோடி வருஷம். அம்மன் கொன்ற அசுரனின் எலும்பு என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

மகள் காட்டினாள்: கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை இல்லை. எங்கோ வளர்ந்த மரங்களைப் பெரிய ஆற்று வெள்ளம் அடித்துவந்து இங்கே புதைத்திருக்கிறது. அவ்வளவுதான், அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "வெள்ளம்! சொன்னேன்ல? நோவா!" எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இதற்கா பெட்ரோல் போட்டு வந்தேன்?

மகள் கோபப்படவில்லை. ஒரு அடிமரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "பெரியப்பா, பாத்தில தண்ணி போயி உப்பு நிக்குதில்ல? அது மாதிரிதான். மண்ணுக்குள்ள ஊறுற தண்ணில மணலோட சத்து கரைஞ்சிருக்கும். மரத்துல ஒவ்வொரு கண்ணறையா அது போயி நின்னிருக்கு. மரம் போயிடுச்சு, அச்சு அப்படியே கல்லா நிக்குது."

அண்ணன் அதற்குப் பதில் சொல்லவில்லை. உப்பு அவருக்குத் தெரியும். எத்தனை டிகிரியில் தண்ணி இறுகும், எத்தனை நாளில் வார வேண்டும் என்று கண்ணாலேயே சொல்லுவார். குனிந்து ரேகையைத் தடவினார். "என்னா மரம் இது?" புளி, ஆமணக்கு இதுங்களோட சொந்தமெல்லாம் இங்கே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றாள். "உப்பு பத்து நாள்ல நிக்கும். இது?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டிப்பக்கம் நடந்தார்.

வழியில் டீக்கடையில் மகள் இன்னொன்று சொன்னாள். 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கல்கோடாரியைக் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். அவருடைய மாமனார் பெர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர். மாமனார் கையில் வேதம், மருமகன் கையில் கோடாரி. ஏற்காட்டில் அவர்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசியிருப்பார்கள்? அண்ணன், "சண்டதான் போட்டிருப்பானுங்க" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் அதுதான் முதல் சிரிப்பு.

அண்ணன் மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அடுத்த நாளே போன் பண்ணி, அது நோவா வெள்ளம்தான் என்றார். என் பயம் அவரைப் பற்றி இல்லை, மகளைப் பற்றி. மூன்று மாசமாக அவள் பூசைக்கு வருவதில்லை. பரீட்சை என்கிறாள். ஒருநாள் ராத்திரி, "எல்லாம் தானாவே நடக்கும்னா, கடவுளுக்கு அதுல என்னப்பா வேல?" என்று கேட்டாள். கல்மரத்தின் வயசில் நான் அவள் பக்கம். இந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: உன் பெரியப்பாவைக் கேள், 2023இல் அவர் ஏன் உயிரோடு இருந்தார் என்று. "அது மனசுப்பா, மூளை" என்றாள். இருக்கலாம். அண்ணியிடம் கேட்டால் வேற சொல்லுவார்.

ஈஸ்டருக்கு இரண்டு கிலோ கறி சொல்லிவைத்திருக்கிறேன். அண்ணன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நேற்று அளத்திலிருந்து திரும்பும்போது வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு மூட்டை உப்பை இறக்கிவைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். பாத்தித் தண்ணி இந்த வெயிலில் சிவந்திருக்கிறதாம். அதில் இருக்கிற பாசிக்கு என்னமோ பேர் சொன்னாயே, அது என்ன என்றார். டுனாலியெல்லா என்றாள். அவர் "துணாலி" என்று சொல்லிப்பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.